சதுரமுகியும் கடகமும்: சிறார்க்குத் திண்ம வடிவம் வரையக் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

பாடசாலைச் சித்திர பாடத்திலே சதுரமுகி, உருளை, கூம்பு ஆகிய எளிய திண்ம வடிவங்களை வரையக் கற்பித்தல் வெறுங் கைப்பயிற்சியாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. எனினும், மூன்று பரிமாணமுடைய பொருளை இரண்டு பரிமாணமுடைய தாளிலே காட்டுதல் அடிப்படையில் ஒரு சிந்தனைச் செயலாகும். அச்செயலைக் கற்பிக்கும் முறையிலே, உழைப்பின் அறிவுக்கும் ஏட்டறிவுக்கும் இடையே எமது சமுதாயம் வகுத்துள்ள பிரிவு புலப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இம்முறையின் வரலாற்றுப் பின்னணியை முதலில் நோக்குதல் தகும். நிலைத்த ஒரு கண்ணுக்குத் தோன்றுமாறு உலகை வரையும் தூரதரிசன முறையை அல்பேர்ட்டி 1435இல் நூல்வடிவில் விளக்கினார். வணிக மூலதனம் செழித்த புளோரன்சு நகரின் சூழல் அதற்குக் களமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே வரைதற் கல்வி ஆலை உற்பத்தியின் தேவையோடு பிணைந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியை அடுத்து, 1852இல் ஹென்றி கோலின் தலைமையில் அமைந்த செயன்முறைக் கலைத் திணைக்களம், கோட்டிலிருந்து திண்ம மாதிரிவரை படிமுறையாகச் செல்லும் பாடத்திட்டத்தை வகுத்தது. அதன் செல்வாக்குக் குடியேற்ற நாடுகளுக்கும் பரவிற்று. ஆயின், இங்கிலாந்திலே அப்பயிற்சியை வேண்டி நின்ற ஆலைகள் யாழ்ப்பாணத்திலே இருக்கவில்லை. உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கொண்ட மத்தியதர வர்க்கச் சூழலில், சதுரமுகி உற்பத்தியோடு தொடர்பற்ற பரீட்சை உருவமாயிற்று.

இந்நிலைக்கு மாற்றான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1920களில் இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாயிருந்த சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர் நவீன ஓவிய உணர்வை இந்நாட்டிலே ஊக்குவித்தார். அவர் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய வின்சர் சித்திரக் கழகம், சித்திர ஆசிரியர்களை ஓவியர்களாகவும் இயங்கச் செய்தது. பிற்காலத்தில் அ. மாற்கு (1933–2000) தமது ஓவியங்களாலும் கற்பித்தலாலும் ஓர் இளந்தலைமுறையை உருவாக்கினார். இவர்களது பங்களிப்புப் பெரிது. ஆயினும், ஓவியராகும் சிலரை உருவாக்குதல் வேறு. வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வெளியை விளங்கிக்கொள்ளக் கற்பித்தல் வேறு. இரண்டாவது வினா கழகங்களால் மட்டும் தீர்க்கப்படக்கூடியதன்று.

வகுப்பறையில் வழங்கும் எளிய சூத்திரம் யாவரும் அறிந்ததே: ஒரு சதுரத்தை வரைந்து, அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் இன்னொரு சதுரத்தை வரைந்து, மூலைகளைக் கோடுகளால் இணைத்தல். சில நிமிடங்களிற் பிள்ளைக்கு இது கைவந்துவிடும். ஆனால், மூடி திறந்த ஒரு பெட்டியையோ சாய்த்து வைத்த ஒரு பெட்டியையோ வரையச் சொன்னால் அப்பிள்ளை திகைத்து நிற்கும். சூத்திரம் வடிவத்தைத் தந்ததேயன்றி வடிவம் உருவாகும் நியாயத்தைத் தரவில்லை.

பிள்ளை கண்டதையன்றி அறிந்ததையே வரைகிறது என்பதை லூக்கே 1927இல் விளக்கினார். வெளி பற்றிய பிள்ளையின் கருத்துப் படிப்படியாகவே கட்டியெழுப்பப்படுகிறது என்பதைப் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. பெட்டியின் முகங்களை விரித்துப் பக்கம் பக்கமாகச் சதுரங்களை வரையும் சிறுபிள்ளை தவறிழைக்கவில்லை. எல்லா முகங்களும் சமம் என்ற உண்மையை அது காப்பாற்ற முயல்கிறது. ஆசிரியர் அதை அழிப்பானால் அழிக்கும்போது ஓர் அறிவையே அழிக்கிறார்.

இவ்விடத்திலே எமது சூழலின் உழைப்பு அனுபவம் மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்து வீடுகளிற் பயின்ற கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். தட்டையான பனையோலைச் சார்வுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்து, மூலைகளை எழுப்பி, சுவரை உயர்த்தி, வாயை வளைத்துக் கட்டும் பெண் இரு பரிமாணத்திலிருந்து முப்பரிமாணத்துக்குக் கையாலேயே பயணம் செய்கிறாள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஒரு கூம்பு. கிணறு ஓர் உருளை. எனினும், வர்க்கமும் சாதியும் கைவேலையைத் தாழ்த்தி வைத்த சமுதாயத்திலே இவ்வறிவு பாடசாலை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கடகம் இழைப்பவளின் மகள் வகுப்பிலே சதுரமுகி வரையத் தெரியாதவளாகக் கணிக்கப்படுகிறாள்.

கைவினைஞரின் பயிற்சிக்கும் ஒரு முறைமை உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே, கண்டிக் கைவினை மரபில் மாணவன் வளைகோட்டிலிருந்து தொடங்கி அலங்கார வடிவங்களுக்குச் செல்லும் முறையைப் பதிவு செய்துள்ளார். அம்மரபுக்கு மீள்வதே தீர்வு என நாம் கூறவில்லை. தூரதரிசனம் மனித குலத்தின் வெற்றிகளுள் ஒன்று. அதனை மேனாட்டுச் சரக்கென ஒதுக்குதல் பிற்போக்காகும். அவ்வாறே, ‘பிள்ளையைத் தன்போக்கில் வரைய விடுக’ என்ற வாதமும் முற்போக்காகத் தோன்றினும், வீட்டிலே நூலும் வண்ணமும் உள்ள பிள்ளைக்கே இறுதியிற் பயன்படும். பிள்ளை தனித்து எட்ட முடியாததை வழிகாட்டலோடு எட்டும் என்ற வைகோட்ஸ்கியின் கருத்து இங்கு பொருந்தும்.

எனவே, கற்பித்தல் செய்தலிலிருந்து தொடங்குதல் வேண்டும். பிள்ளைகள் தாளை வெட்டி மடித்துப் பெட்டி செய்யட்டும். பின் அதைப் பிரித்து விரித்து வரையட்டும். அடுத்து, வகுப்பின் நடுவே ஒரு கடகத்தை வைத்து, சுற்றியிருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தான் இருக்கும் இடத்திலிருந்து அதை வரைதல் வேண்டும். நேர் மேலிருந்து நோக்குபவருக்கு வாய் வட்டம். பக்கத்திலிருந்து நோக்குபவருக்கு நீள்வளையம். கண் வாயின் மட்டத்துக்குத் தாழும்போது வெறுங்கோடு. படங்களை ஒப்பிடும்போது, பொருள் ஒன்றே, நோக்குநிலைகள் பல என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவர். அதன்பின் சொல்லப்படும் தூரதரிசன விதி அவர்களுக்குப் புறத்தேயிருந்து வந்த கட்டளையாகாது.

இன்று கடகத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் கூடை பெருமளவு பற்றிவிட்டது. ஆதலின் கடகத்தைப் பழமையின் சின்னமாக வகுப்பிலே காட்சிக்கு வைப்பதால் பயனில்லை. பொருளை ஆக்கிய கையின் அறிவைக் கண்ணுக்கும் கோட்டுக்கும் கொணர்வதே வேண்டப்படுவது. அது நிகழுமாயின், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளை சித்திர வகுப்புக்குள் வெறுங்கையோடு நுழையாது. தன் வீட்டின் அறிவோடு நுழையும்.