மதகு புதிது, முறை தெரியுமா?

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகை நீர் கால்வாய் வழியே வருகிறது. மதகு புதிதானால் போதுமா? திறக்கும் முறை தெரிய வேண்டாமா?

லினக்ஸ் இயக்க முறைமையின் உட்கருவான கெர்னல், 1991 முதல் சி மொழியில் எழுதப்பட்டு வருவது. விடுவித்த நினைவகத்தையே மீண்டும் தொடும் பிழையை சி தடுக்காது. ரஸ்ட் மொழி, நிரலைத் தொகுக்கும்போதே தடுத்துவிடும். எனவே 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் ரஸ்டும் இடம்பெற்றது.

ஆனால், 'இனிப் பிழையே நேராது' என்பாரை நம்பாதீர்கள். சி செயற்கூறுகளை ரஸ்ட் அழைக்கும் மதகில் 'அன்சேஃப்' என்ற குறி உண்டு. அங்கே காவல், மொழியின் பொறுப்பன்று, எழுதுபவரின் பொறுப்பு. எதை முதலில் அழைப்பது, நினைவகத்தை யார் விடுவிப்பது என்னும் விதிகள் பல, பழகியவர் மனத்தில் மட்டுமே உள்ளன. அவற்றைப் பிறழ உணர்ந்து மதகு அமைத்தால், நல்ல ரஸ்ட் நிரலும் கெடும். புதிய மொழி வரட்டும். விதிகள் முதலில் ஏட்டில் ஏறட்டும்.