பிளாஷ் நினைவகத்தில் குறிப்பேட்டுக் கோப்பு முறைகள்: மரபும் பிரமாணமும்

எழுதிய இடத்தின் மேல் திரும்ப எழுத இயலாது என்ற ஒரே நிர்ப்பந்தத்திலிருந்து ஒரு சாஸ்திரமே கிளைத்து வளர்ந்திருக்கிறது என்றால், கம்ப்யூட்டர் துறைக்குப் புதியவர்கள் அதை மிகையான கூற்றாகக் கொள்ளக்கூடும். பிளாஷ் நினைவகத்தின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த அந்த நினைவகத்தில், அழித்துத் துடைத்த நிலையில் ஒவ்வொரு பிட்டும் ஒன்று என்றே நிற்கும். எழுதுவது என்பது வேண்டிய பிட்டுகளைப் பூஜ்யமாக இறக்குவதே. இறங்கிய பிட்டைத் தனியே ஏற்ற வழியில்லாமல், அது அடங்கிய கட்டம் முழுவதையும், அதாவது பழைய நார் வகைச் சில்லுகளில் 64 அல்லது 128 கிலோபைட் அளவுள்ள பரப்பை, ஒருசேர அழித்தாக வேண்டும். அழிப்பதற்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 1,00,000 முறை அழிபட்ட கட்டம் நம்பகத்தை இழந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கை மனத்தில் கொண்டு வகுத்த கோப்பு முறைகள் இந்தச் சுபாவத்தோடு இசைவதில்லை. அவற்றில் ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் தாங்கும் ஐநோட் தனக்கென விதித்த ஸ்தானத்தில் வீற்றிருக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஸ்தானத்தையே மீண்டும் எழுத வேண்டும். பிளாஷில் அவ்விதம் செய்வதானால், கட்டம் முழுவதையும் ரேமுக்கு எடுத்து, கட்டத்தை அழித்து, திருத்தியதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அழித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே மின்சாரம் நின்றுவிட்டால், திருத்தத்தோடு சம்பந்தமே இல்லாத பக்கத்துக் கோப்புகளும் சேர்ந்து நாசமாகும்.

இதற்குப் பரிகாரமாக எழுந்த ஒரு வழி, பிளாஷையே டிஸ்க்காகத் தோன்றச் செய்யும் இடையடுக்கு. எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வகுத்து, பி.சி.எம்.சி.ஐ.ஏ. அமைப்பு அங்கீகரித்த எஃப்.டி.எல். என்னும் ஏற்பாடு அது. இன்று பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் உள்ளே இயங்குவதெல்லாம் அதே வழியில் வந்தவை. வணிகத்தில் வென்ற வழி இதுவே. ஆயினும் வடிவமைப்பின் நோக்கில் பார்த்தால், மேலடுக்கு தன் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பேட்டை எழுத, கீழடுக்கு அதையே தன் குறிப்பேட்டில் மறுபடி எழுத, ஒரே காரியத்துக்கு இரட்டிப்புச் செலவாகிறது. மேலே ஒரு கோப்பு நீக்கப்பட்டது என்ற செய்தியும், டிரிம் கட்டளை பிற்காலத்தில் வந்து சேரும்வரை, கீழே எட்டவேயில்லை.

நான் இங்கே விரிவாகப் பேச விரும்புவது மற்றொரு வழியைப் பற்றி. கோப்பு முறையே பிளாஷின் இயல்பை நேராக அறிந்து அதன் மீது வாழ்வது அந்த வழி. அதன் பூர்வ வித்து அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மெண்டல் ரோசன்ப்ளமும் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் ஸ்பிரைட் இயங்குதளத்துக்கென ஆக்கி 1991-இல் வெளியிட்ட பதிவேட்டுக் கோப்பு முறையில் இருக்கிறது. எந்த மாற்றத்தையும் பழைய இடத்தில் எழுதாமல் பதிவேட்டின் முனையிலேயே தொடர்ந்து எழுதிச் செல்வது, பயனற்றுப்போன பகுதிகளைப் பின்னர் துப்புரவு செய்து மீட்பது என்ற அந்தத் தத்துவத்தை அவர்கள் மேற்கொண்டது டிஸ்க்கின் வேகத்துக்காகத்தான். ஆனால் டிஸ்க்குக்கு ஒரு சௌகரியமாக இருந்த அது, பிளாஷுக்கு இன்றியமையாத தர்மமாயிற்று.

ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்தின் ஆக்சிஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் 1999-இல் லினக்ஸுக்காக வெளியிட்ட ஜெ.எஃப்.எஃப்.எஸ். அந்தத் தர்மத்தை மிகத் தூய வடிவில் அனுஷ்டித்தது. நினைவகம் முழுவதும் ஒரே வட்டப் பதிவேடு. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கணு. அந்தக் கணுவிலேயே கோப்பின் ஐநோட் எண், அந்த மாற்றத்தின் வரிசை எண், கோப்பின் பெயர், தாய் அடைவின் எண், தரவு, சரிபார்ப்புத் தொகை எல்லாம் அடங்கியிருக்கும். இடம் குறையும்போது மிகப் பழைய கட்டத்திலுள்ள உயிருள்ள கணுக்களை முனைக்கு நகர்த்திவிட்டு அந்தக் கட்டத்தை அழிப்பார்கள். தேய்மானம் எங்கும் சமமாகப் பரவும் என்பது அதன் அழகு. என்றைக்கும் மாறாத நிரல்களையும் நூலகங்களையும்கூட ஒவ்வொரு சுற்றிலும் தூக்கிச் சுமந்து புதிதாக எழுதியாக வேண்டும் என்பது அதன் பெருங்குறை. பெயரையும் கோப்பின் உடலையும் ஒரே கணுவில் பிணைத்ததால், ஒரு கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கும் ஹார்டு லிங்க்குக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று.

இந்தக் குறைகளைத் தீர்க்க ரெட் ஹாட் நிறுவனத்தில் டேவிட் வுட்ஹவுஸ் ஆக்கிய ஜெ.எஃப்.எஃப்.எஸ்.2, 2001-ஆம் ஆண்டு ஆட்டவா லினக்ஸ் மாநாட்டில் அவர் சமர்ப்பித்த கட்டுரையோடு அறிஞர் சபைக்கு வந்தது. அவர் முதலில் செய்த காரியம், வட்டத்தை உடைத்தது. கட்டங்களை வரிசையில் நடத்தாமல், முழுவதும் உயிருள்ளவை ஒரு பட்டியல், பயனற்ற கணு ஒன்றேனும் உள்ளவை ஒரு பட்டியல், அழித்துத் தயாராக இருப்பவை ஒரு பட்டியல் எனப் பிரித்தார். அன்றைய வடிவில் துப்புரவு வழக்கமாக இரண்டாவது பட்டியலிலிருந்தே நடந்தது. ஆனால் கெர்னலின் கடிகாரத் துடிப்பு எண்ணை 100-ஆல் வகுத்து மீதி பூஜ்யமாக வரும்போது மட்டும், முதற்பட்டியலிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து, அதில் உறங்கும் மாறாத தரவை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். தேய்மானம் சமனாக வேண்டும் என்ற பெரிய பிரச்னைக்கு இத்தனை எளிய ஒரு வகுத்தலால் விடை கண்ட துணிவை எண்ணி நான் பல முறை வியந்ததுண்டு.

கணுவின் அமைப்பில் காணும் தீர்க்கதரிசனம் இதைவிட மேலானது. ஒவ்வொரு கணுவும் பதினாறடிமானத்தில் 1985 என்னும் அடையாள எண்ணோடு தொடங்கும். அடுத்து அதன் வகை, மொத்த நீளம், தலைப்புக்கென ஒரு சரிபார்ப்புத் தொகை. வகையைக் குறிக்கும் எண்ணின் உச்சியிலுள்ள இரண்டு பிட்டுகள், தன்னை அறியாத பழைய நிரலுக்கு அந்தக் கணு இடும் உத்தரவாக அமைந்திருக்கின்றன: என்னைப் புரியாவிட்டால் மவுண்ட் செய்யாதே, அல்லது படிக்க மட்டும் செய், அல்லது துப்புரவில் என்னைக் கழித்துவிடு, அல்லது புரியாவிட்டாலும் அப்படியே பிரதி எடு. இன்னும் பிறக்காத கணு வகைகளுக்கும் மரியாதை செய்யும் இந்த ஏற்பாட்டை மற்ற வடிவமைப்பாளரும் பயில வேண்டும். பெயர்களுக்குத் தனிக் கணு வந்ததால் ஹார்டு லிங்க்கும் கூடிற்று. ஐநோட் எண் பூஜ்யமாக உள்ள பெயர்க் கணு ஒன்றை எழுதினால் அதுவே நீக்கலாகும். கட்டத்தை அழித்து முடித்தபின் அதன் தலையில் எழுதப்படும் தூய்மைக் குறிக்கும் காரணம் உண்டு. அழிப்பின் நடுவே மின்சாரம் நின்ற கட்டம் வெறுமையாகத் தோன்றினாலும், அதன் சில பிட்டுகள் உறுதியற்று ஊசலாடும். குறி இல்லாத கட்டத்தை நம்பாமல் மறுபடி அழிப்பதே விதி.

வியாபாரி ஒருவர் தினசரிக் குறிப்பேட்டை மட்டும் கடையில் வைத்துக்கொண்டு, காலைதோறும் அதை முதலிலிருந்து படித்துப் பேரேட்டைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்வதைப் போன்றது ஜெ.எஃப்.எஃப்.எஸ்.2-இன் நடைமுறை. பிளாஷில் இருப்பவை கணுக்கள் மாத்திரமே. அட்டவணை எதுவும் அங்கே கிடையாது. மவுண்ட் செய்யும்போது நினைவகம் முழுவதையும் வாசித்து, ஒவ்வொரு கணுவுக்கும் ரேமில் ஒரு சிறு பதிவை எழுப்புவார்கள். 32 பிட் இயந்திரத்தில் தொடக்கத்தில் 16 பைட் கொண்ட அந்தப் பதிவில் காட்டிய சிக்கனம் ரசிக்கத்தக்கது: கணுக்கள் நான்கு பைட் எல்லையிலேயே தொடங்குவதால் முகவரியின் கடைசி இரண்டு பிட்டுகள் எப்போதும் வெறுமையாக இருக்கும் என்று கண்டு, கணு செத்துவிட்டதைக் குறிக்க அவற்றில் ஒன்றையே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் எத்தனை சிக்கனமாயினும், நினைவகம் பெருகப் பெருகக் கணுக்கள் பெருகும். ரேம் செலவும் மவுண்ட் நேரமும் கூடவே வளரும். சில மெகாபைட் சில்லுக்கு ஒரு பொருட்டாக இராத இந்தச் சுமை, நேண்ட் என்னும் மற்றொரு பிளாஷ் வகையில் ஒரு கிகாபைட் நினைவகத்தோடு குழந்தைகளுக்கென வந்த ஓ.எல்.பி.சி. மடிக்கணினியில் வெளிப்படையாக உறுத்தியது.

நியூசிலாந்தின் சார்லஸ் மானிங் 2002-இல் நேண்ட் வகைக்கென்றே ஆக்கிய யாஃப்ஸ், ஒவ்வொரு பக்கத்தோடும் ஒட்டியிருக்கும் உபரி பைட்டுகளில் கோப்பின் எண்ணையும் துண்டின் எண்ணையும் எழுதி வைத்தது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதன் இரண்டாம் பதிப்பே இருந்தது. எளிமையே அதன் பெருமை.

நோக்கியாவின் பொறியாளர்கள் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஆக்கி, 2008-இல் லினக்ஸ் 2.6.27-இல் இடம்பெற்ற யு.பி.ஐ.எஃப்.எஸ்., பேரேட்டையும் பிளாஷுக்கே கொண்டுபோயிற்று. கணுக்களெல்லாம் இலைகளாக, அவற்றைத் தேடும் பி-பிளஸ் மரமும் பிளாஷிலேயே தங்கும். இலை இடம் மாறினால் அதைச் சுட்டும் கிளையும் புதிதாக எழுதப்பட வேண்டும். அதனால் அதன் தாய்க் கிளை, பின் வேர்வரை எல்லாமே இடம் பெயரும். இதனாலேயே இதனை அலையும் மரம் என்பர். ஒவ்வோர் எழுத்துக்கும் வேர்வரை அலைவது தாங்காது என்பதால், புதிய இலைகள் முதலில் குறிப்பேடாக நிற்கும். ஒரு தவணைக்குப் பின் மரம் அவற்றைச் சுட்டும்படி திருத்தப்படும். இலைகள் எழுதிய இடத்திலேயே இருக்க, குறிப்பேடு வேறு கட்டங்களுக்கு நகர்ந்துவிடும். ஒரே தரவை இருமுறை எழுதாத இந்த நயம் டிஸ்க்கின் குறிப்பேட்டு முறைகளில் சாதாரணமாகக் காணக் கிடைப்பதல்ல. தேய்மானத்தையும் கெட்டுப்போன கட்டங்களையும் கவனிக்கும் பொறுப்பு கீழே யு.பி.ஐ. என்னும் தனியடுக்குக்குப் போயிற்று. மிக முக்கியமாக, மரம் வந்த பின்பும் ஒவ்வோர் இலையும் தான் எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எத்தனையாவது மாற்றம் என்பதைத் தானே சொல்லும் வழக்கத்தை இவர்கள் கைவிடவில்லை.

யோர்ன் எங்கல் ஆக்கிய லாக்எஃப்எஸ் 2010-இல் கெர்னலில் சேர்ந்து, பேணுவாரின்றி 2017-இல் விலகிற்று. சாம்சங் நிறுவனத்தின் ஜேகுக் கிம் 2012-இல் அறிமுகம் செய்த எஃப்2எஃப்எஸ், எஃப்.டி.எல். உள்ளே இருக்கும் கார்டுகளுக்காக ஆனது. அலையும் மரத்தின் தொல்லையை அது வெட்டிய விதம் மெச்சத்தக்கது: கணுக்களின் முகவரியை நிலையான ஓர் அட்டவணையில் வைத்து, கணுவுக்கு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டால், தரவு இடம் மாறினாலும் மாற்றம் வேர்வரை பரவாமல் ஒரு படியோடு நின்றுவிடும். அடிக்கடி மாறுவதையும் அரிதாக மாறுவதையும் பிரித்து ஆறு பதிவேடுகளில் எழுதுவதும் நற்சிந்தனையே. எனினும் நிலையான அட்டவணை என்பதே கீழே ஓர் இடையடுக்கு இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. பச்சைப் பிளாஷில் அது நிற்காது.

இவற்றை மதிப்பிட வேகத்தையே பிரமாணமாகக் கொள்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் முன்பு முழுமையாக எழுதப்பட்ட ஒன்றும் அழியக்கூடாது என்பதுதான் இந்த மரபின் தலையாய லட்சணம். அட்டவணை சிதைந்தாலும் துண்டுகளிலிருந்து முழுமையை மீட்க வேண்டும் என்பது அதற்கடுத்தது. இவ்விரண்டையும் கொண்டு பார்க்கும்போது, சிறிய நினைவகத்துக்கு ஜெ.எஃப்.எஃப்.எஸ்.2-ஐயும், பெரிய நேண்ட் நினைவகத்துக்கு யு.பி.ஐ.எஃப்.எஸ்.-ஐயும் உத்தமமான ஆக்கங்களாகக் கொள்வேன்.

நம் கல்லூரிகளில் கோப்பு முறை பற்றிய பாடம் பெரும்பாலும் டிஸ்க்கோடு முடிந்துவிடுகிறது. லினக்ஸ் கெர்னலில் நேண்ட்சிம் என்ற பகுதி ரேமிலேயே ஒரு நேண்ட் சில்லை உருவாக்கித் தரும். தனிச் சாதனம் ஏதும் வாங்காமல் அதன் மீது ஜெ.எஃப்.எஃப்.எஸ்.2-ஐயும் யு.பி.ஐ.எஃப்.எஸ்.-ஐயும் மவுண்ட் செய்து, கணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் ஜெ.எஃப்.எஃப்.எஸ்.2-இன் கணுத் தலைப்பிலிருந்து அந்தப் படிப்பைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.