விலை என்னும் பிரதி: ‘வெண்பா’வை முன்வைத்து

ஒரு படைப்பைப் பற்றிப் பேசுகையில் அதன் விலையைப் பற்றிப் பேசுவது நம் விமர்சன மரபில் அவ்வளவு கௌரவமான காரியம் இல்லை. விலை பின்னட்டைச் சமாச்சாரம்; பதிப்பாளர் பாடு, கடைக்காரர் பாடு. உருவம், உள்ளடக்கம், அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட அந்தக் கடைசி வரியை வாசிப்பதில்லை. விலையும் ஒரு பிரதிதான், அதற்குள்ளும் ஒரு வாசகர் கட்டமைக்கப்படுகிறார் என்பதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு வீடியோ கேம்.

2023 ஜூலை 31 அன்று வெளியான ‘வெண்பா’வைச் சொல்கிறேன். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் தம்பதி. தமிழிலிருந்து மெல்ல நழுவிப்போகும் மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று விடுபட்ட வரியை விளையாடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. புலம்பெயர்வு பற்றி இதைவிடக் கனமான நாவல்கள் நம்மிடம் உண்டு. ஆனாலும் ஒரு மொழி அடுக்களையில் அறுந்துபோவதை, விளையாடுகிறவரின் கையையே தடுமாற வைத்துக் காட்டியது இது. 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதும், ஐ.ஜி.எஃப். என்ற சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் இதற்குக் கிடைத்தன.

விலை 14.99 அமெரிக்க டாலர். ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம். சாவகாசமாக ஆடினால் இரண்டு. முணுமுணுப்பு இங்கேதான் தொடங்கியது. ரெண்டு மணி நேரத்துக்குப் பதினைஞ்சு டாலரா?

முணுமுணுப்பு புதிதில்லை. 2008இல் ஜோனதன் ப்ளோவின் ‘பிரெய்டு’ எக்ஸ்பாக்ஸில் 15 டாலருக்கு வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. சுயாதீன விளையாட்டு என்றால் மலிவாக இருக்கணும், நீளமாகவும் இருக்கணும். டாலரை மணியால் வகுத்து, வரும் எண்ணைக் கொண்டு படைப்பை எடைபோடுகிறார்கள். நான் இருக்கும் ஜவளகிரியில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இங்கிருந்து தளி வழியாக ஓசூர் ஆலைகளுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளிப் பையன்கள் தினமும் போடுகிற கணக்குதான்: ஷிப்ட்டுக்கு இவ்வளவு, ஓ.டி.ன்னா மணிக்கு இவ்வளவு. உழைப்பை மணியில் அளந்து வாங்கும் ஆலை, ஓய்வையும் மணியில் அளக்கப் பழக்கிவிடுகிறது. முன்னதைச் சுரண்டல் என்று சொல்லும் நம் தோழர்கள் பின்னதை நுகர்வோர் உரிமை என்கிறார்கள். (தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு ஒன்று கேட்டுவிடுகிறேன். பெயரோ வெண்பா. நீளத்துக்குத்தான் விலைன்னா குறள் வெண்பாவுக்கு என்னங்க போடுவீங்க?)

இந்த மணிக்கணக்கு வாங்குபவர் மனதில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். அது கடையின் சட்டமாகவே ஆகியிருக்கிறது. கணினி விளையாட்டுச் சந்தையின் பெருங்கடை, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம். 2015 ஜூனிலிருந்து அங்கே ஒரு விதி: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் வாபஸ். குப்பையை ஏமாந்து வாங்கியவருக்கு இது பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணிக்குள் முடிகிற படைப்பை முழுக்க அனுபவித்துவிட்டுத் திருப்பித் தரவும் இதே விதி வழிவிடுகிறது. 2021இல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற சிறு திகில் விளையாட்டைச் செய்த எமிகா கேம்ஸ், ஆடியவர்கள் பாராட்டியும் ஏராளமானோர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதால், விளையாட்டு உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. அதிகாரம் தடை செய்வதோடு நிற்பதில்லை, வடிவங்களையும் உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோவை வைத்து நம் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாயிற்று. சிறுகதையை நாவலாக இழு என்று இங்கே எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. கல்லாப்பெட்டி சொல்கிறது.

விலை வைக்கும் சுதந்திரம் படைப்பாளிக்கே என்கிறது ஸ்டீம். விற்பதில் 30 சதவீதம் கடைக்கு. ஒரு கோடி டாலரைத் தாண்டிய விற்பனைக்கு அந்தப் பங்கு 25 ஆகிறது, ஐந்து கோடியைத் தாண்டினால் 20. பெரியவனுக்குச் சலுகை, சின்னவனுக்கு முழு வரி. விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கடை தள்ளுபடித் தகவல் அனுப்ப வேண்டுமானால், குறைந்தது 20 சதவீதமாவது குறைத்தாக வேண்டும். ஆகவே முதல் நாள் விலையை நிர்ணயிக்கும்போதே அடுத்த தள்ளுபடிக்கும் இடம் விட்டு நிர்ணயிக்கிறார்கள். நம்ம ஆடித் தள்ளுபடிதான், வேறென்ன.

‘அப்படின்னா மலிவா குடுங்களேன், மக்களுக்குப் போய்ச் சேரட்டும்’ என்று இயக்க நண்பர்கள் கேட்கிறார்கள். மலிவு என்பதை நாம் எப்போதும் முற்போக்கின் பக்கம் வைத்தே பழகிவிட்டோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களை என்.சி.பி.எச். கடையில் சொற்ப விலைக்கு வாங்கிய தலைமுறையின் பழக்கம் அது. மிச்ச விலையை ஒரு அரசு கொடுத்துக்கொண்டிருந்தது. 1991இல் அந்த அரசு போனது, அந்த விலையும் போனது. இன்னொரு பக்கம் சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’வைத் தொடங்கும்போதே இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டார், பிறகு புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அங்கே மிச்ச விலையைக் கொடுத்தது அவர் உடம்பு. மலிவைக் கோருகிறவர்கள் இந்த மிச்சம் யார் தலையில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘வெண்பா’ வெளியான அன்றே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் சேர்ந்தது. சந்தா கட்டியவருக்குத் தனி விலை இல்லை. இத்தகைய ஏற்பாடுகளில் பெரும்பாலும் நிறுவனமே முன்கூட்டிப் பேசிய ஒரு தொகையைப் படைப்பாளிக்குக் கொடுத்துவிடுகிறது. சிறு குழுவுக்கு இது மூச்சுவிடக் கிடைத்த இடம். ஆனால் புரவலர் திரும்பி வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தகடூர் அதியமான், நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்த கதை புறநானூற்றில் 208ஆம் பாட்டு. இப்படி வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்கிறார் புலவர். பட்டினிக்குப் பயந்து வாங்கிக்கொண்டவர்களின் பாட்டுகளும் அதே தொகுப்பில்தான் இருக்கின்றன என்பதால் பெருஞ்சித்திரனாரை வைத்து யாரையும் அடிக்க நான் தயாரில்லை.

எல்லையோரத்துக்காரர்களுக்கு விலை இடத்துக்கிடம் மாறும் என்பது அதிசயம் இல்லை. கர்நாடகத்துக்குள் நுழைந்தால் டீசலுக்கு வேறு விலை. ஸ்டீமிலும் நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கலாம். 2015 இறுதியிலிருந்து இந்தியாவுக்கு ரூபாயில் விலை உண்டு. டொராண்டோக்காரர் முழு விலை கொடுக்க, இங்கிருப்பவர் வாங்கும் சக்திக்கேற்பக் கொடுக்கும் இந்த முறையே இருப்பதில் நியாயமானது என்பது என் கட்சி. ஆனால் இதன் ஆயுளும் கடையின் கையில். 2023 நவம்பரில் வால்வ் அர்ஜென்டினா, துருக்கி இரண்டிலும் உள்ளூர் நாணய விலையை எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றியது. நாணய ஏற்ற இறக்கம் என்று காரணம் சொன்னார்கள். அங்கிருப்பவர்களுக்குப் பல விளையாட்டுகளின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது.

‘ஜவளகிரிப் பையன்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே, இதெல்லாம் எதுக்கு?’ என்பார்கள். அவன் கையில் போன் இருக்கிறது, போனில் ‘இலவச’ விளையாட்டு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட ஃப்ரீ ஃபயரில், உடுப்புக்கும் துப்பாக்கித் தோலுக்கும் வைரம் வாங்க வேண்டும். வைரத்துக்கு நிஜக் காசு. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஐம்பது, நூறு என்று போட்டவர்கள் எத்தனையோ பேர். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விலையை முகத்துக்கு நேரே சொல்லி, ஒரே ஒரு முறை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும் ‘வெண்பா’ அதைவிட மரியாதையானது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கம் இட்ச்.ஐஓ என்ற கடையில் இருக்கிறது. அங்கே கடைக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படைப்பாளியே தீர்மானிக்கலாம். வாங்குபவர் குறித்த விலைக்கு மேலும் கொடுக்கலாம். சிலர் அப்படி வரும் கூடுதல் பணத்துக்கு ஈடாக, காசில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளும்படி சில பிரதிகளை இலவசமாகத் திறந்து வைக்கிறார்கள். நம் சிறுபத்திரிகைகளின் புரவலர் சந்தா, ஆயுள் சந்தாவுக்கு இது தூரத்து உறவு. என்ன, நம் ஆயுள் சந்தாக்காரர்கள் பெரும்பாலும் இதழைவிட அதிக நாள் உயிரோடு இருந்தார்கள். இட்ச்சில் அப்படித் திறந்து வைக்கிறவர்களும் இலவசப் பிரதிகளுக்கு ஒரு எண்ணிக்கை வைத்து, அது தீர்ந்ததும் அடுத்து யாராவது கூடக் கொடுக்கும்வரை மூடிவைக்கிறார்கள்.