மூச்சை இழுத்துப் பிடிங்க!

இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று பள்ளியில் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி! மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். தமிழ்நாட்டில் இதற்கு நீட் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. நான் மனப்பாடம் செய்து மறந்த இயற்பியல் எல்லாம் இங்கே வந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

நெஞ்சு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்துகிற வேலைதானே என்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். எக்ஸ்ரே குழாய் ஆறடி தள்ளி முதுகுப் பக்கம் இருக்கும். கதிர் முதுகில் நுழைந்து முன்னால் வெளியேறும். நெஞ்சை ஒட்டி நின்று படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டருக்குப் பக்கத்தில் இதயம் இருப்பதால் படத்தில் வீணாகப் பெருத்துத் தெரியாது. தோள்களை முன்னால் உருட்டச் சொன்னால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகிக்கொள்ளும். மூச்சை நன்றாக இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும். படத்தில் பின்பக்க விலா எலும்புகளைப் பத்து வரை எண்ணலாம். ஒரு படத்துக்குள் எத்தனை யோசனை!

காது மந்தமான பாட்டி ஒருவர் வந்திருந்தார். “என்னப் பாருங்க பாட்டி, நான் செய்யற மாதிரியே செய்யுங்க” என்று தோளை உருட்டி மூச்சை இழுத்துக் காட்டினேன். அப்படியே செய்தார். ஒரே எக்ஸ்போஷர், திரையில் பளிச்சென்று நுரையீரல்! மறுபடி எடுக்கத் தேவையில்லை என்றால் அந்த உடம்புக்கு இன்னொரு தரம் கதிர் இல்லை. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கதிர் ஆபத்தாச்சே என்று வீட்டில் பயப்படுவார்கள். அதற்குத்தான் நெஞ்சில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருக்கிறோம். வாங்கிய கதிரின் அளவை அது சொல்லிவிடும். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்க வார்டுக்குப் போகும்போது சீனியர் அக்கா சுவிட்ச் வயரை முழுக்க இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்பார். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். கண்முன்னே நடக்கிற கணக்கு!

சி.டி. ஸ்கேன் பாடம் வந்தபோது சிலிர்த்துவிட்டது. அந்தக் கருவிக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்பது தெரியும். ஆனால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும், ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் கொடுத்த கணித முறை, சி.டி. படத்தை உருவாக்கும் பாடத்தில் இன்றும் ‘ராம்-லாக்’ என்ற பெயரில் நிற்கிறது. நம் ஆட்கள்!

இந்தப் படிப்புக்கு வருகிற தம்பி தங்கைகளே, முதல் ஆண்டில் உடற்கூறியலை விட்டுவிடாதீர்கள். எலும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் ஸ்கஃபாய்டு எலும்பு ஏன் நீண்டு தெரிகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். போஸ்டிங்கில் சீனியர்களின் கையைக் கவனியுங்கள். நோயாளியிடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். கலந்தாய்வுத் திரையில் இந்தப் படிப்பின் பெயர் வந்தால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்.