வேதக்காரர் யார்?
மணச் சட்டத்தின் ஒரு சொல் பற்றிய ஆராய்ச்சி

கல்வியாண்டின் தொடக்கத்தில் பதிவேட்டின் ‘சமயம்’ என்னும் கட்டத்தை நிரப்புவது தலைமையாசிரியன் பணிகளுள் ஒன்று. பெற்றோர் சொல்வதை எழுதிக்கொள்கிறோம். பிள்ளையை எவரும் கேட்பதில்லை. அக்கட்டம் எத்துணைப் பெரிது என்பதைப் பழைய மாணவி ஒருத்தியின் வினாவால் உணர்ந்தேன். ஈப்போவில் பணிபுரியும் கிறிஸ்தவப் பெண் அவள். முஸ்லிம் இளைஞர் ஒருவரை மணக்க விரும்புகிறாள். “ஐயா, என் சமயத்திலேயே இருந்துகொண்டு அவரை மணக்கச் சட்டத்தில் இடமுண்டா?” என்று கேட்டாள்.

‘உண்டு’ என்பாரும் ‘இல்லை’ என்பாரும் நம்மிடையே உளர். எது மெய் என்று ஆராய்வோம்.

முதலில் பொதுச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மணமக்களுள் ஒருவர் முஸ்லிமாயினும் அம்மணத்தை அதன்கீழ்ப் பதிதல் இயலாது.

அடுத்தது இஸ்லாமியக் குடும்பச் சட்டம். முஸ்லிம் பெண் பிற சமயத்தவரை மணக்க அது இடந்தருவதில்லை. முஸ்லிம் ஆண் ‘கித்தாபியா’, அதாவது வேதமுடைய சமூகத்துப் பெண்ணை மணக்கலாம். ‘உண்டு’ என்போர் சுட்டுவது இதனையே. ஆயின் கூட்டரசுப் பிரதேசங்களின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அச்சொல்லுக்குத் தரும் விளக்கத்தை அவர்கள் படித்ததில்லை போலும். நபிகள் நாயகம் நபித்துவம் பெறுமுன்பே கிறிஸ்தவராயிருந்த முன்னோரின் வழிவந்தவளாக அக்கிறிஸ்தவப் பெண் இருத்தல் வேண்டும் என்கிறது அது!

நபித்துவம் பெற்றது கி.பி. 610 அளவில். முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றதோ 16ஆம் நூற்றாண்டில். நம் தோட்டத்துக் கிறிஸ்தவர் பலரின் குடும்பங்கள் அதற்கும் பின்னரே சமயம் மாறியவை. கப்பலேறி வந்த பாட்டனாரின் ஊர்ப்பெயரையே அறியாதவர், ஆயிரத்து நானூறு ஆண்டுக் கால்வழிக்குச் சான்று காட்டுவது எங்ஙனம்? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிறிஸ்தவரை ‘வேதக்காரர்’ என்றே அழைப்பர். ஊரார் வேதக்காரர் என்றழைக்கும் குடும்பத்துப் பெண்ணைச் சட்டம் வேதக்காரியாக ஏற்பதில்லை. சுவரில் எழுதிய கதவு போன்றது இவ்வழி.

இந்நிபந்தனை இஸ்லாம் முழுமைக்கும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. இது ஷாஃபி மத்ஹபின் கொள்கை. தமிழ் முஸ்லிம்களுள்ளும் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபு இவ்வாறு கால்வழி கேட்பதில்லை.

எஞ்சியது மதமாற்றம். உள்ளம் கனிந்து சமயம் மாறுவோரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. மணப்பதிவுக்காக ஒரு சடங்காக மாறுவோர்க்கே எச்சரிக்கை வேண்டும். லீனா ஜாய் வழக்கை நினைவு கூர்க. முஸ்லிமாகப் பிறந்த அவர் 1998இல் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவர் ஒருவரை மணக்க விரும்பினார். அடையாள அட்டையிலுள்ள ‘இஸ்லாம்’ என்னும் சொல்லை நீக்க, ஷரியா நீதிமன்றத்தின் சான்று வேண்டும் எனத் தேசியப் பதிவிலாகா கூறியது. 2007 மே 30இல் கூட்டரசு நீதிமன்றமும், இருவர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதனையே ஏற்றது. மாறுபட்டவர் நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும். உள்ளே செல்ல ஒரு நாள் போதும். வெளியே வர ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் இயலவில்லை.

தமிழர் வாழும் பிற நாடுகளில் நிலை வேறு. இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, முப்பது நாள் முன்னறிவிப்புக்குப் பின், சமயம் மாறாமலே மணக்கலாம். சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம், இருவரும் முஸ்லிமாயிருந்தால் மட்டுமே விலக்குகிறது. ஆயின் அங்குச் சென்று பெறும் சான்று, இந்நாட்டு முஸ்லிமை இங்குள்ள சமயச் சட்டத்தினின்று விடுவித்துவிடாது.

ஆதலின் யான் வேண்டுவன இரண்டு. கித்தாபியா என்னும் சொல்லின் விளக்கத்தை, ஹனஃபி அறிஞர் கருத்தையும் கொண்டு, மார்க்க அறிஞர்களே மறுபடி எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணத்திற்காக மதம் மாற வருவோரிடம், கையொப்பம் வாங்குமுன், பின்விளைவுகளை அவர்தம் தாய்மொழியில் விளக்குதல் வேண்டும்.

மாணவிக்கு இவ்வளவையும் கூறினேன். “யாரும் இதை முன்னமே சொல்லவில்லையே, ஐயா” என்றாள். அக்குறை நம் எல்லோருடையதும் அன்றோ?