நகலும் போலியும்

ஜப்பானியப் பழம்பெரும் வாள்களுக்கு ஆளுருவம் தந்த ‘தோக்கென் ரன்பு’, 2015இல் கணினி விளையாட்டாகப் பிறந்து, 2016இல் அசையும் ஓவியப் படமாகவும் வெளிவந்தது. அதன் மாந்தருள் யமன்பகிரி குனிஹிரோ கருதத்தக்கவன். ‘நகலே, போலியல்லன்’ என்று வாயால் வாதிட்டாலும், கந்தல் துணியால் தலையை மூடிக்கொள்கிறான். அத்துணி நல்ல கற்பனை. பேச்சு மறைப்பதை அது சொல்லிவிடுகிறது.

ஆயினும் அந்நாணம் வாளுக்குரியதன்று. 1590இல் அசிகாகா கோட்டைத் தலைவர் நாகாவோ அகினாகாவுக்காகக் கொல்லர் குனிஹிரோ, பழங்கொல்லர் சோகியின் வாளைப் பின்பற்றி இதனை வடித்தார்; பிடிக்குள் மறையும் பகுதியில் தம் பெயரையே பொறித்தார். போலி செய்பவன் மூலவன் பெயரையன்றோ பொறிப்பான்! ‘உத்சுசி’ எனப்படும் இம்முறை வாள்கொல்லர் மரபில் இழிவன்று. மூத்தோரிடம் கற்கும் கல்வி. இரக்கத்தை நாடிய கதை இப்பெருமிதத்தைக் காட்டத் தாமதித்துவிட்டது. விளையாட்டில், பயிற்சிப் பயணம் முடித்து மீளும்போதுதான் அவன் அத்துணியைக் களைகிறான்.