உள்ளடக்கம், உருவம், உடைமை: வேர்ட்பிரஸ் பற்றிய ஒரு மதிப்பீடு

மென்பொருளொன்றை மதிப்பிடும் இணையத்தள நிரலாளர், அதன் வேகத்தையும் எளிமையையும் நோக்குவதோடு அமைந்துவிடுவதே பெருவழக்கு. இவை அவசியமானவை, ஆயின் போதுமானவையல்ல. அதன் விநியோக வழி யார் கையிலுள்ளது என்பதும் தொழில்நுட்ப வினாவேயாகும். உலக இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவற்றை இயக்கும் வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை இதற்குத் தக்க சான்றாகும்.

2003இல் மற் முல்லன்வெக், மைக் லிற்றில் ஆகியோர், பேணுவாரற்றிருந்த பி2 என்னும் நிரலிலிருந்து இதனைக் கிளைபிரித்தெடுத்தனர். எவரும் மூலநிரலைப் பெற்று மாற்றலாம் என்னும் ஜி.பி.எல். உரிமமே அதற்கு இடமளித்தது. மூலநிரலில் கைவைக்காது, அது விட்டுவைத்துள்ள இணைப்பிடங்களிற் புதிய செயல்களைச் சேர்க்கும் வசதி இதன் தலையாய பலம். ஆயிரக்கணக்கான செருகுநிரல்கள் எழுந்தமை இதனாலேயே.

குறைபாடுகளும் அமைப்பின் வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன. வலைப்பதிவுக்கென வகுக்கப்பட்ட தரவுத்தள அட்டவணைகளிலே பலதரப்பட்ட தரவுகளும் திணிக்கப்படுவதால், தளம் பெருக்கத் தேடல் தளர்கிறது. உள்ளடக்கத்தையும் உருவத்தையும் வேறாக்குவது இத்தகைய முறைமைகளின் அடிப்படை நோக்கம். 2018இல் வெளிவந்த 5.0 பதிப்பின் பதிப்பியோ பக்க அமைப்புக் குறிப்புகளைக் கட்டுரை வாசகத்தினுள்ளேயே பொதிந்துவைக்கிறது. எழுதுவோருக்கு இது வசதியே. வேறொரு முறைமைக்கு மாறும்போது அதன் சுமை நிரலாளர்மேல் விழுகிறது.

எனினும் அடிப்படை முரண்பாடு உடைமை சார்ந்தது. நிரல் பொதுவுடைமை, செருகுநிரல்களும் இற்றைப்படுத்தல்களும் வந்துசேரும் மையத்தளமோ முல்லன்வெக்கின் கட்டுப்பாட்டிலுள்ளது. 2024 செப்டெம்பரில், வர்த்தகக் குறி தொடர்பான பிணக்கில், டபிள்யூ.பி. என்ஜின் என்னும் கம்பனிக்கு அம்மையம் மூடப்பட்டது. அக்கம்பனியின் வாடிக்கையாளர்களது தளங்களும் பாதிப்புற்றன. ஒக்டோபரில் அது பேணிவந்த செருகுநிரலொன்றின் இடம் மையத்தில் வேறு பெயரிற் கையகப்படுத்தப்பட்டது. டிசெம்பரிலே கலிபோர்னியச் சமஷ்டி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கிய பின்னரே முன்னைய நிலை மீண்டது. மோதியோர் இரு மூலதன நிறுவனத்தினர்; இடையில் அல்லலுற்றோர் பிணக்கிற் பங்கில்லாத நிரலாளரும் பயனாளருமே.

ஆகவே, உரிமம் வழங்கும் சுதந்திரம் விநியோகச் சாதனத்தின் உடைமையால் வரையறுக்கப்படுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. வேர்ட்பிரஸைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. செருகுநிரல்களின் பிரதிகளைத் தம்மிடமே பேணுதல் நிரலாளர் இன்றே செய்யத்தக்கது. 2025இல் லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் அறிவிக்கப்பட்ட ஃபெயர் திட்டத்தைப் போன்று, விநியோகத்தைப் பலர் கைக்குக் கொண்டுசெல்லும் கூட்டு முயற்சிகளே நிலையான வழியாகும். கூட்டுழைப்பால் வளர்ந்த கருவியின் வாயிற்கதவு தனியொருவர் கையில் இருக்கும்வரை, அதன் சுதந்திரம் அரைச் சுதந்திரமே.